குருவி தங்க வேண்டுமென்றால் புழுவை விட்டுவையுங்கள்

"அக்கா, குருவி நிறைய வர என்ன பூங்கன்று வைக்கலாம்?" பண்டாரவளை, பதுளைப் பக்கம் வீட்டுத்தோட்டம் அமைத்துக் கொடுக்கப் போகும் இடமெல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்பவர்களின் முற்றத்தில் பூவுக்குப் பஞ்சமே இருக்காது. ஜெரேனியம், டேலியா, ரோஜா என்று கண்ணைப் பறிக்கும். நான் பார்ப்பது இலையை. ஓர் இலையில்கூட ஓட்டை இருக்காது. அங்கேதான் பிரச்சினை.

தேன்சிட்டு தேனைக் குடித்தே வாழ்கிறது என்று நினைக்கிறோம். வளர்ந்த குருவிக்குத் தேன் சரி. கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு அது போதாது. உடம்பு பிடிக்கப் புழுவும் சிலந்தியும் வேண்டும். தையல்சிட்டு, பட்டாணிக்குருவி, குண்டுக்கரிச்சான் எல்லாமே குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டுகின்றன. நம் ஊர்ப் புழுக்கள் நம் ஊர்ச் செடிகளைத் தின்று பழகியவை. வெளிநாட்டிலிருந்து வந்த செடிகளில் பலவற்றை அவை தொடுவதே இல்லை. அதனால் அந்தப் பூவுக்குக் குருவி வரும், குடிக்கும், போய்விடும். கூடு கட்டாது.

மலையகத்தில் இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகு தேயிலைக்காகவும் இங்கே காடு மலைமலையாக வெட்டப்பட்டது. பிறகு நிழலுக்கும் விறகுக்கும் நட்ட கிரவில்லியாவும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தேயிலை மலையில் என்ன மரம் நிற்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை. தோட்டத்து லயன் வீட்டின் பின்பக்கமோ, புது வீட்டின் 7 பேர்ச் காணியோ நம் கையில் இருக்கிறது.

அந்த 7 பேர்ச்சுக்கு நான் முதலில் சொல்வது வேலி. கம்பிக்கு நடுவே முள்முருக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நடுங்கள். சிங்களத்தில் எறபது என்றால் எல்லோருக்கும் தெரியும்; சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சிவக்கச் சிவக்கப் பூக்கும். தேன்சிட்டு, வெள்ளைக்கண்ணி, மைனா என்று மரமே சத்தமாக இருக்கும். இலை ஆட்டுக்கும் ஆகும். இடையிடையே வெட்சி, ஆடாதோடை வைத்து, அடர்ந்து வர விடுங்கள். மாதாமாதம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மாதிரி தட்டையாக வெட்டினால் ஒரு குருவியும் உள்ளே நுழையாது.

தேன்சிட்டின் கூட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெண்குருவி அதை எவ்வளவு பாடுபட்டுக் கட்டுகிறது என்று. கிளை நுனியில் தொங்கும் சின்னப் பை. நாரையும் காய்ந்த புல்லையும் சிலந்தி வலையால் இழுத்துக் கட்டி, வெளியே மரப்பட்டைத் துண்டையும் புழுவின் எச்சத்தையும் ஒட்டியிருக்கும். பார்த்தால் ஏதோ குப்பை தொங்குவது போலிருக்கும். வாசலுக்கு மேலே மழை படாமல் சின்ன இறவாரம்கூட வைத்திருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்குள் ஒட்டடை அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலியில் இருக்கும் சிலந்தி வலையை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் பழம். போவிட்டியாவைப் பற்றை என்று வெட்டி எறிகிறோம். அதன் பழம் வெடித்ததும் கொண்டைக்குருவியும் பூக்கொத்தியும் வந்துவிடும். தின்ற பிள்ளைகளின் நாக்கும் ஊதாவாகிவிடும். தானாக முளைக்கும் கெடும்ப மரத்தின் பொடிப் பழத்துக்கு வராத குருவி குறைவு. இடம் இருந்தால் நாவலும் வெரளுவும் வையுங்கள். அத்தி, ஆல் வகைகளைச் சுவர் ஓரத்தில் விடாதீர்கள், வேர் சுவரைப் பிளந்துவிடும். நாயுண்ணிப் பழத்தையும் குருவி தின்னும், உண்மைதான். ஆனால் அதன் எச்சத்தில் அந்த விதை காட்டோரம் வரை போய், மற்றச் செடிகளை எழவிடாமல் பரவுகிறது. வேண்டவே வேண்டாம்.

நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்கிய நீல ஈப்பிடிப்பான் மூன்றும் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அங்கே வீட்டுத்தோட்டத்துக்கே வரும். பனிக்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் விக்டோரியா பூங்காவுக்கு வருகிறார்கள். அதே காலத்தில் வரும் ஆறுமணிக்குருவி ஈரமான நிழலில் சருகைப் புரட்டித்தான் இரை தேடும். ஆகவே தோட்டத்தின் ஒரு மூலையையாவது கூட்டாமல் விடுங்கள்.

மரக்கறிப் பாத்திக்கு மருந்தடிக்காமல் முடியாது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. வேலிக்கும் பூச்செடிக்கும் அடிக்காதீர்கள், அவ்வளவுதான். மருந்து பட்ட புழுவைத் தாய்க்குருவி குஞ்சின் வாயில்தான் கொண்டுபோய் வைக்கும்.

தண்ணீருக்கு இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டு போதும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். டெங்கு பார்க்க வருகிறவர்களும் குறை சொல்ல மாட்டார்கள். பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில் தட்டை வையுங்கள்.

நடுகிற காலம் இடத்துக்கு இடம் மாறும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே மாத மழைக்கு முன். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரில். விதையும் போத்தும் பக்கத்து வீட்டு வேலியிலும் ரோட்டோரத்திலும் கேட்டு எடுக்கலாம். ஹோட்டன் சமவெளி போன்ற பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து ஒரு கன்றுகூடப் பிடுங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், பிடுங்கி வந்த கன்று கீழே பிழைப்பதும் அரிது.