பட்டனைப் பட்டனாகவே எழுதுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தைச் சோதித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பார்வையற்ற நண்பர் ஒருவரை உட்கார வைத்து, என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரோடு, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருளோடு, அதை நிரப்பச் சொன்னேன். டேப் விசையை அழுத்தி எந்தக் கட்டத்துக்குப் போனாலும் "எடிட்" என்று மட்டும்தான் குரல் வந்தது. பெயர் எங்கே, பிறந்த தேதி எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஊகித்து ஊகித்து நிரப்பிவிட்டு 'சமர்ப்பி' பட்டனைத் தேடினால், எத்தனை முறை டேப் அழுத்தியும் அது வரவேயில்லை. ஏனென்றால் அது பட்டனே இல்லை, டிவ் என்ற வெறும் பெட்டிக்கு நீல நிறம் பூசி, கிளிக் செய்தால் ஓடும்படி ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மாட்டி வைத்திருந்தார்கள்.

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் படிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பக்கத்தில் உள்ள ஒரு பொருள் என்ன என்று உலாவிக்குச் சொல்லும் குறிதான் டேக். அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை, தோற்றத்துக்கென்றே உள்ள சிஎஸ்எஸ் என்ற மொழி பார்த்துக்கொள்ளும். 1991இல், எச்டிஎம்எல்லை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ விவரித்த முதல் 18 டேக்குகளிலேயே தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு எல்லாம் இருந்தன. படம் போடும் டேக் பற்றிய பேச்சே 1993இல்தான் வந்தது.

பக்கத்தின் எலும்புக்கூடு எளிது. முதல் வரியில் இது எச்டிஎம்எல் பக்கம் என்று அறிவிக்கும் டாக்டைப், அப்புறம் எச்டிஎம்எல் டேக், அதற்குள் பக்கத்தைப் பற்றிய தகவல்களுக்கு ஹெட், திரையில் தெரிகிறவற்றுக்கு பாடி. ஹெட்டில் பக்கத்தின் பெயரும், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீடும் இருக்கட்டும், குறியீட்டைச் சொல்லாமல் விட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும். எச்டிஎம்எல் டேக்கில் மொழி தமிழ் என்று குறிப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலுக்கு மாறும்.

பாடிக்குள் வந்தால், தலைப்புக்கு எச்1 முதல் எச்6 வரை இருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு போலத் தெரியும், ஆனால் என்விடிஏவில் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறவருக்கு அது வெறும் வரிதான். படத்துக்கு ஆல்ட், அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் சிறு வாசகம், எழுதுங்கள். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடலாம், மொத்தமாக நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் சில சமயம் கோப்பின் பெயரையே ஸ்கிரீன் ரீடர் வாசித்துக்காட்டும்.

படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் பெயரைச் சொல்லும் லேபிள் டேக் வேண்டும். லேபிள் டேக்கில் எழுதும் ஃபார் மதிப்பும் கட்டத்தின் டேக்கில் எழுதும் ஐடி மதிப்பும் ஒன்றாக இருந்தால் இரண்டும் சேரும். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரை மட்டும் நம்பாதீர்கள், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும்.

அந்தப் படிவத்தில் நாங்கள் மாற்றியதும் இவ்வளவுதான்: லேபிள்களைச் சேர்த்தோம், டிவ்வை எடுத்துவிட்டு உண்மையான பட்டன் டேக்கை வைத்தோம். நண்பர் மறுபடி உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் நிரப்பி, என்டர் தட்டினார்.

என்விடிஏ இலவசம்தான். இன்றே நிறுவி, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, நீங்கள் செய்த பக்கத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.