கொலஸ்ட்ரால்: 'கொழுப்பு' என்றால் சரியா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் எண்ணெய்க் கடை. வாசலில் மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து: 'கொழுப்பு இல்லாத சுத்தமான கடலை எண்ணெய்'. கடலை எண்ணெயில் கொழுப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதை எடுத்துவிட்டால் டின்தான் மிஞ்சும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. பாக்கெட்டுகளில் வரும் 'நோ கொலஸ்ட்ரால்' என்பதைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். கொலஸ்ட்ரால் பெரும்பாலும் விலங்கு உடம்பின் சரக்கு; செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது சொல்லும்படி இருக்காது. வம்பு முழுக்க 'கொழுப்பு' என்ற சொல்லில்தான்.

இந்தப் பொருளை முதலில் கண்டது இரத்தத்தில் அல்ல, பித்தப்பைக் கல்லில். 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். பெயர் வைத்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலர், 1815இல். சோப்பு எப்படி உண்டாகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கொழுப்பை எரிசோடா போன்ற காரத்தோடு கொதிக்கவைத்தால் சோப்பாகும்; பித்தக்கல்லிலிருந்து எடுத்த இந்த வெள்ளைப் பொருள் எவ்வளவு கொதித்தாலும் சோப்பாகவில்லை. அப்படியானால் இது கொழுப்பு இல்லை என்று சொல்லித்தான் 'கொலஸ்டரின்' என்று தனிப் பெயரே வைத்தார். அவர் பிரித்து வைத்ததை நாம் பலகையில் மறுபடி ஒன்றாக்கிவிட்டோம்.

கிரேக்கத்தில் 'கொலே' என்றால் பித்தம், 'ஸ்டெரியோஸ்' என்றால் திடமானது. பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவிலும் அதே ஸ்டெரியோஸ்தான். மனச்சோர்வைக் குறிக்கும் 'மெலன்கலி'க்குள் இருப்பதும் அதே கொலே. 'கரும்பித்தம்' என்று பொருள். பித்தம் தலைக்கேறினால் புத்தி மாறும் என்று அங்கேயும் நினைத்திருக்கிறார்கள். நம்மிடம் பித்து, பித்தன் இல்லையா, அப்படித்தான். அப்புறம் 1859இல் பெர்த்தலோ என்ற பிரெஞ்சு வேதியியலர் இது ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது என்று காட்டினார். ஆல்கஹாலின் கடைசி 'ஆல்' வந்து ஒட்டி, கொலஸ்டரின் கொலஸ்ட்ரால் ஆனது. ஜெர்மானியர்கள் மட்டும் வெகுகாலம் பழைய பெயரை விடவில்லை.

ஆய்வாளர்களின் கட்டுரைப் பட்டியலைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். முயலுக்குக் கொலஸ்ட்ரால் தின்னக்கொடுத்து இரத்தக்குழாயில் படிவு உண்டாவதை 1913இல் அனிச்கோவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் காட்டினார். இதய நோய் ஆராய்ச்சியில் பெரிய திருப்பம் அது. ஆனால் ஜெர்மன் மொழிக் கட்டுரையின் தலைப்பில் இருப்பது கொலஸ்டரின்தான். புதுப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கண்ணில் படாது. பின்னால் வந்த அமெரிக்க ஆய்வாளர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் அந்தச் சிக்கல் இல்லை; அவர்கள் எழுதியது ஆங்கிலத்தில். 1970களில் அவர்கள் எல்டிஎல் ஏற்பியை, அதாவது இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்டிஎல் துகளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் பிடியை, கண்டுபிடித்தார்கள்; 1985இல் நோபல் பரிசும் சேர்ந்தே வந்தது. 

சரி, தமிழில் என்ன சொல்வது? வேரைப் பார்த்து 'பித்தத் திடம்' என்று ஆக்கலாம். மருந்துக்கடையில் சொன்னால் பித்தத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள். 'இரத்தக் கொழுப்பு' பத்திரிகைகளில் ஓடுகிறது. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ராலுக்குக் கீழேயே டிரைகிளிசரைடு என்று ஒரு வரி வருமே, உண்மையான கொழுப்பு அதுதான். கொழுப்பு என்ற பெயரை மேல் வரிக்குக் கொடுத்துவிட்டால் கீழ் வரிக்கு என்ன வைப்பது? 'நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு' இன்னும் மோசம். நல்லது என்று சொல்லப்படும் எச்டிஎல், கெட்டது என்று சொல்லப்படும் எல்டிஎல் இரண்டுமே கொலஸ்ட்ராலைச் சுமக்கும் வண்டிகள். இரண்டிலும் ஏறியிருப்பது ஒரே சரக்கு. போதாததற்கு, தமிழில் கொழுப்பு என்றால் திமிர் வேறு. ரிப்போர்ட்டைப் பார்த்து "உங்களுக்குக் கொழுப்பு அதிகம்" என்று ஒரு டாக்டர் சொன்னபோது, எங்கள் பெரியப்பா சட்டென்று எழுந்தே விட்டார்.

என் கணக்கில் கொலஸ்ட்ரால் கொலஸ்ட்ராலாகவே இருக்கட்டும். கொழுப்பை டிரைகிளிசரைடுக்கு விட்டுவிடலாம்.

பலகை விஷயத்தைக் கடைக்காரரிடமும் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிங்க. ஆனா பெயின்டர் எழுத்துக் கணக்குல காசு கேக்கறானே" என்றார். கொழுப்புக்கு நாலு எழுத்து, கொலஸ்ட்ராலுக்கு ஆறு.