பாசி அறைக்கு எந்த விளக்கு?

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத கரை இது. உச்சிவேளையில் ராமநாதபுரம் மாவட்டத்து வேதாளையிலோ முனைக்காட்டிலோ ஒரு சதுர மீட்டர் கடல்மேல் நொடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் வந்து விழுகின்றன. ஒரு மைக்ரோமோல் என்பதே ஏறத்தாழ 6,000 கோடி கோடித் துகள். இவ்வளவும் சும்மா கிடைக்கும்போது, கதவைச் சாத்தி ஏசி போட்டு, கண்ணாடிக் குடுவைக்குள் கடற்பாசியை விளக்கு வெளிச்சத்தில் வளர்ப்பானேன்?

நாற்றுக்காகத்தான். பாக் நீரிணை ஓரம் மூங்கில் மிதவைகளில் வளரும் கப்பாஃபைகஸ் பாசியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. அறுத்த பாசியிலேயே கொஞ்சம் ஒடித்துக் கயிற்றில் கட்டினால் 45 நாளில் அடுத்த அறுப்பு. ஒரே பாசியை வருடக்கணக்கில் ஒடித்து ஒடித்துக் கட்டினால் வீரியம் குறைகிறது. 2013க்குப் பிறகு தண்ணீர் சூடேறி மிதவை மிதவையாகப் பாசி அழிந்தபோது, நல்ல நாற்றுக்கு எங்கே போவது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. அதற்கு ஒரு வழி திசு வளர்ப்பு. பாசியின் நுனியைக் கிள்ளி, கிருமி நீக்கி, சத்துக் கலந்த கடல்நீரில் போட்டு, 25 டிகிரி பக்கத்தில் வைத்து, மெல்லிய வெளிச்சம் காட்டிப் புதிதாகத் தளிர்க்க வைப்பது. அந்த மெல்லிய வெளிச்சம் 30 முதல் 50 மைக்ரோமோல் வரை இருந்தால் தாராளம். வெயிலைத் திருகிக் குறைக்கக் குமிழ் எதுவும் இல்லை.

மீன்குஞ்சுப் பொரிப்பகங்களிலும் இதே கதை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் ஊர் மையத்தினர் 2010இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல்விரால் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அந்தக் குஞ்சின் முதல் தீனி ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர். ரோட்டிஃபருக்குத் தீனி நுண்பாசி. அந்த நுண்பாசியின் தாய்ச்சரக்கு இருப்பது குளிரூட்டிய அறையில், விளக்குத் தட்டில்.

இந்தத் தட்டுகளில் காலங்காலமாக இருந்தது டியூப்லைட். இப்போது எல்லாரும் எல்.இ.டி.க்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாம். ஆனால் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்.இ.டி.யைச் சொருகினால் வேலை முடிந்தது என்று நினைத்தால்தான் தகராறு.

முதலில் கணக்கு. ஒளிச்சேர்க்கை எண்ணுவது துகள்களைத்தான். ஒரு துகளில் ஆற்றல் அதிகமா, குறைவா என்று அது பார்ப்பதில்லை. 450 நானோமீட்டர் நீலத் துகளில் 660 நானோமீட்டர் சிவப்புத் துகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் உண்டு. இருந்தும் இலைக்குள் போனால் இரண்டும் செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், மிச்ச ஆற்றல் சூடாகப் போகிறது. ஒரு ஜூல் மின்சாரத்தை ஒரு பொட்டு வீணாக்காமல் ஒளியாக்கினாலும் நீலத்தில் 3.8 மைக்ரோமோல்தான் கிடைக்கும், சிவப்பில் 5.5. அதாவது சிவப்புத் துகள் மலிவு. கடையில் விற்கும் ‘பயிர் விளக்கு’ பெரும்பாலும் சிவப்பை அள்ளிப்போட்டு, நீலத்தைக் கொஞ்சம் தூவி, கண்ணைக் கூசும் ஊதாவாக எரிவதற்கு இதுதான் காரணம். பச்சையம் நன்றாக உறிஞ்சும் நிறங்களும் இந்த இரண்டே. பிரகாசமான நீல எல்.இ.டி. இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது. அதைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

பயிர் விளக்கு பற்றி இணையத்தில் தேடினால் முக்கால்வாசி கஞ்சா வளர்ப்போர் சங்கதியாகத்தான் வரும். கனடா போல அனுமதி உள்ள நாடுகளில் அது பெரும் வியாபாரம். இங்கே உரிமம் இல்லாமல் ஒரு செடி வைத்தாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பாயும், அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் அவர்கள் பட்ட பாட்டில் நமக்குப் பாடம் இருக்கிறது. அவர்கள் 1000 வாட் சோடியம் விளக்கிலிருந்து எல்.இ.டி.க்கு மாறினார்கள். சோடியம் விளக்கு ஜூலுக்கு 1.7 மைக்ரோமோல் பக்கம் கொடுக்கும். நல்ல எல்.இ.டி. 2.7ஐத் தாண்டும். கரண்ட் பில் இறங்கியது, சரி. ஆனால் சோடியம் விளக்கு அகச்சிவப்புக் கதிரையும் சேர்த்து வீசி இலையைச் சுட வைத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் இலை குளிர்ந்தது, நீராவி விடுவது குறைந்தது, வேர் இழுக்கும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்து இலை புள்ளி விழுந்தது. அறையின் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி ஏற்றிய பிறகே செடி பழைய நிலைக்கு வந்தது. விளக்கோடு சேர்த்து அறையையும் மாற்ற வேண்டியிருந்தது.

நம் குடுவைகளுக்கு வேர் கிடையாது, இலை நீராவி விடுவதும் கிடையாது. வெப்பக் கணக்கு மட்டும் இங்கேயும் உண்டு. பழைய 36 வாட் டியூப்லைட்டில் சோக்கையும் சேர்த்தால் 45 வாட் போகும். அந்தச் சோக் தட்டின் அடியில் இருந்துகொண்டு மேல்தட்டுக் குடுவையின் அடியைச் சூடாக்கும். குடுவையின் மூடி குளிர்ந்திருக்கும், அடி வெதுவெதுப்பாக இருக்கும், உள்சுவரில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். பாசி அறைக்குள் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். 24 டியூப்லைட் உள்ள ஒரு சிறிய அறையை எடுத்துக்கொள்வோம். 1080 வாட். அதே எண்ணிக்கையில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் 480. நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் 7.2 யூனிட் மிச்சம். விளக்கில் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகவே முடிகிறது. அதை ஏசிதான் வெளியே தள்ள வேண்டும். மூன்று பங்கு சூட்டை வெளியேற்ற ஏசி ஒரு பங்கு மின்சாரம் தின்னும் என்று வைத்தால் இன்னொரு 2.4 யூனிட் மிச்சம். சித்திரை வைகாசியில் இந்த ஊரில் ஏசி படும் பாட்டை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

இனி நிறம். இங்கேதான் ஊதா விளக்கு நம் பாசியிடம் தோற்கிறது.

கப்பாஃபைகஸ் சிவப்புப்பாசி இனம். அதில் பச்சை நிற ரகமும் உண்டு, பார்த்து ஏமாறக் கூடாது. இந்த இனத்துக்குப் பச்சையம் தவிர ஃபைகோஎரித்ரின் என்று ஒரு செந்நிறமி இருக்கிறது. அது உறிஞ்சுவது 500 முதல் 570 நானோமீட்டர் வரையிலான பச்சை ஒளியை. காரணம் கடலில் இருக்கிறது. தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். ஆழத்துக்கு இறங்குவது பச்சையும் நீலமும்தான். ஆழத்தில் பிழைக்க வந்த கூட்டத்தின் வாரிசு, இன்று மிதவையில் மேலே மிதந்தாலும் அந்தச் சொத்தை விடவில்லை.

1950இல் ஹாக்ஸோ, பிளிங்க்ஸ் என்ற இருவர் சிவப்புப்பாசிகளுக்கு ஒவ்வொரு நிறமாகக் காட்டி ஆக்சிஜன் வருவதை அளந்தார்கள். பச்சை ஒளியில் பொங்கி வந்தது. பச்சையம் நன்றாக உறிஞ்சும் நீலத்திலும் சிவப்பிலும் ஏமாற்றம். ஒளியை உறிஞ்சுகிறது, வேலை நடக்கவில்லை! அந்தக் காலத்தில் இது பெரிய புதிர்.

விடை பிறகு தெரிந்தது. ஒளிச்சேர்க்கையில் இரண்டு ஒளியமைப்புகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. இரண்டாம் அமைப்பு தண்ணீரை உடைத்து எலக்ட்ரானை எடுத்துத் தரும், முதலாம் அமைப்பு அதை வாங்கி மேலே ஏற்றும். நிலத்துச் செடிகளில் இரண்டுக்கும் பச்சையம் ஓரளவு சமமாகப் பங்கிடப்பட்டிருக்கும். சிவப்புப்பாசியில் பச்சையத்தின் பெரும்பங்கு முதலாம் அமைப்பில் குவிந்திருக்கிறது. இரண்டாம் அமைப்புக்கு ஒளி சேர்த்துத் தருவது முக்கியமாக அந்தச் செந்நிறமிக் கூட்டம். அதனால் ஊதா விளக்கைக் காட்டினால் முதலாம் அமைப்பு மட்டும் துள்ளிக்கொண்டு நிற்கும், இரண்டாவது பட்டினி கிடக்கும். கரைவலையின் இரண்டு கயிற்றில் ஒன்றை மட்டும் ஆள் கூட்டி இழுத்த மாதிரிதான்: வலை கோணும், கரைக்கு வராது.

ஆகவே கப்பாஃபைகஸ், மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி போன்ற சிவப்பு இனங்களுக்கு வெள்ளை எல்.இ.டி.தான் என் கட்சி. வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சில்லின்மேல் மஞ்சள் பூச்சு. அதில் பச்சை தாராளமாக இருக்கிறது, விலையும் குறைவு, எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். குஞ்சுப் பொரிப்பகத்து நுண்பாசிகளுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். நானோகுளோராப்சிஸ் பச்சையத்தை நம்பி இருப்பதால் ஊதாவிலும் வளரும். ஆனாலும் ஊதா வெளிச்சத்தில் குடுவை வெளிறியிருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. வேலை பார்க்கிறவர் படும் அவதிக்காகவே நான் வெள்ளை என்பேன்.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. லுமென், லக்ஸ் எல்லாம் மனிதக் கண்ணுக்கான அளவுகள். 555 நானோமீட்டர் பச்சைக்கு அதிக மார்க், சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைவு. ஊதா விளக்கை லக்ஸ் மீட்டரில் அளந்தால் வரும் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. வெள்ளை விளக்கானால் லக்ஸை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிட்டத்தட்ட வந்துவிடும். தட்டில் 2800 லக்ஸ் என்றால் 40 மைக்ரோமோல். நாற்றுக்கு அது போதும்.

டியூப்லைட் சுற்றிலும் ஒளி வீசும், பாதி மேல்பக்கம் போய் வீணாகும். எல்.இ.டி. கீழ்நோக்கி மட்டும் அடிக்கும். அதனால் மொத்த ஒளி குறைவாக இருந்தும் நேர்கீழே உள்ள குடுவைக்கு முன்பைவிட அதிகம் விழலாம், தட்டின் ஓரத்தில் உள்ளதற்குக் குறைவாக. மங்கலுக்குப் பழகிய பாசி திடீரென்று அதிக வெளிச்சம் பட்டால் வெளிறும். எனவே விளக்கை மாற்றிய அன்றே லக்ஸ் மீட்டரைக் குடுவை நிற்கும் உயரத்தில் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கூடுதலாக இருந்தால் விளக்கை உயர்த்தலாம், அல்லது மங்கலாக்கும் குமிழ் உள்ளதை வாங்கி, குறைவாகத் தொடங்கிச் சில நாளில் ஏற்றலாம்.

அப்புறம் உப்புக்காற்று. எல்.இ.டி. சில்லு பல ஆண்டு தாங்கும், முதலில் சாவது அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஜன்னல் கொண்டியே துருப்பிடித்து உதிரும்போது டிரைவர் எம்மாத்திரம். தூசியும் நீரும் புகாத ஐபி65 ரகமாகப் பார்த்து வாங்கி, முடிந்தால் டிரைவர்களை மட்டும் அறைக்கு வெளியே ஒரு மூடிய பெட்டியில் வைத்தால் துருவும் தொடாது, அதன் சூடும் அறைக்குள் வராது. எல்.இ.டி. ஃபியூஸ் போன பல்பைப் போல ஒரே நாளில் அணைவதில்லை, ஆண்டுக்கணக்கில் மெல்ல மங்கும். கண் அதற்குப் பழகிக்கொள்ளும். மாதம் ஒருமுறை அதே தட்டில் அதே இடத்தில் மீட்டரை வைத்து, வந்த எண்ணைச் சுவரில் ஒட்டிய தாளில் குறித்துவந்தால் விளக்கை எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.