சித்திரையில் மின்சாரக் கார் ஏன் சார்ஜ் ஏறமாட்டேன் என்கிறது?

தைப்பொங்கலுக்கு ஒழுங்காகச் சார்ஜ் ஏறிய கார், சித்திரை பிறந்ததும் அதே பிளக்கில் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காரை அல்ல, மண்ணை.

மண்ணில் கரண்டைக் கடத்துவது ஈரத்தில் கரைந்த உப்புகள். இங்கே பல இடங்களில் செம்மண்ணும் சரளையும் சில அடிதான், கீழே பாறை. அந்த மேல்மண் காய்ந்தால் எர்த் குழியின், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் குழியின், மின்தடை எகிறிவிடும். சார்ஜர் பெட்டியோ எர்த் சரியாக இருந்தால்தான் உள்ளிருக்கும் ரிலேவை, அதாவது காருக்குக் கரண்டை விடும் சுவிட்சை, மூடும்.

ஒயரிங் பார்ப்பவர்கள் 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே பிடித்து, "எரியுதுங்க, எர்த் நல்லாத்தான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நம்பாதீர்கள். எரியும் பல்பின் தடை சுமார் 530 ஓம். எர்த் 50 ஓம் என்று கெட்டுக் கிடந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். அதே 50 ஓமில் காரின் உடம்பில் கரண்ட் கசிந்தால் எர்த்தில் ஓடுவது 4.6 ஆம்பியர்தான், கரண்ட் மிஞ்சினால் விழும் 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் விழவே விழாது. எர்த்தின் தடையை அளக்கும் எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் காட்ட வேண்டும். கரண்ட் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம்.

சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் பெட்டி ஏமாந்து பச்சை காட்டலாம். கொலைபாதக வேலை. வெளியே நியூட்ரல் அறுந்த நொடியில், வீட்டு விளக்கு, விசிறி வழியாக வரும் கரண்ட் காரின் உடம்பில் ஏறி நிற்கும். கார் நிற்பது ரப்பர் டயரில். கதவைத் தொடுபவர் வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும்.

எர்த்துக்கு எட்டடி ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வாழைக்குப் பாயும் வாய்க்கால் ஓரம் குழி எடுத்தால் அந்த வேலையும் மிச்சம். பாறை தட்டினால் இரண்டு குழிகளைத் தள்ளித் தள்ளி எடுத்து இணைக்கலாம்.

கார் நிற்பது 200 அடி தள்ளிக் களத்துமேட்டில் என்றால், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 15 ஆம்பியரில் 13 வோல்ட்டைத் தின்றுவிடும். 6 சதுர மி.மீ. என்றால் ஐந்தரைதான். அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே தொங்கும், ஆகவே ராத்திரி 11-க்கு மேல் செருகுங்கள். பம்புசெட்டின் இலவச இணைப்பில் மட்டும் வேண்டாம், அது விதிமீறல்.

அரைமணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சாக்கெட்டில் பிளக்கின் முனை தளர்ந்து 0.1 ஓம் தடை சேர்ந்தாலே, 15 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 22 வாட் சூடு, கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்ன். கை வைக்க முடியாவிட்டால் அன்றைக்கே சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.