லோடிலா, காலியிலா?

"அண்ணே, முன்னாடி பிரேக் பேட் மாத்தி ஆறு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள தேஞ்சு போச்சு. கம்பெனி பேடுதான் போட்டேன்."

எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் பைக்குக்காகக் காத்திருந்தபோது காதில் விழுந்த புகார் இது. சொன்னவர் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் பிக்கப் டிரைவர். இருபத்தைந்து வயது இருக்கும். மெக்கானிக் தேய்ந்த பேடைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பிரேக் லோடுல எப்படி இருக்கு தம்பி, காலில எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "காலில ஒண்ணும் தெரியல. லோடுலதான் கொஞ்சம் தள்ளிப் போய் நிக்குது" என்று பதில் வந்ததும் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து அடியில் டார்ச் அடித்தார்.

முன்னால் பேட் தேய்ந்ததற்குப் பின்னால் என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது, பிக்கப் வண்டியின் கோளாறுகளில் பாதியை அந்த ஒரு கேள்வியே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும் என்று தோன்றியது. ஒரே நம்பர் பிளேட்டில் இரண்டு வண்டிகள் ஓடுகின்றன. ஒன்று லோடு வண்டி, இன்னொன்று காலி வண்டி.

காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் 400 கிலோ கூடும். காரின் எடை 1000 கிலோ என்றால் ஐந்தில் இரண்டு பங்குதான். பிக்கப் கதை வேறு. காலியாக 1700 கிலோ இருக்கும் வண்டி, தன் எடைக்குக் கொஞ்சம் குறைவாகவோ ஏறக்குறைய சமமாகவோ சுமக்கும். 2005இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, 16 குதிரைத்திறன் கொண்ட இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டு முக்கால் டன் சுமந்தது. இந்தச் சுமையில் பெரும்பகுதி பின் ஆக்சில் (பின் சக்கர அச்சு) மேல்தான் உட்காரும். அந்த 1700 கிலோ பிக்கப்பில், காலியில் 700 கிலோவைத் தாங்கும் ஆக்சில், லோடு ஏறியதும் இரண்டு டன்னைத் தாங்க வேண்டியிருக்கும். மூன்று மடங்கு.

ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகக் குதிக்கும் என்பது அதன் விறைப்பையும் அதன் மேல் இருக்கும் எடையையும் பொறுத்தது. எடை மூன்று மடங்கு குறைந்தால் குதிக்கும் வேகம் 1.7 மடங்கு கூடும். இரண்டு டன்னுக்காக வைத்த ஸ்பிரிங் பட்டை, 700 கிலோவை மேட்டில் தூக்கி எறியத்தான் செய்யும். இதை நோய் என்று நினைத்து ஷாக் அப்சார்பரை மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. வண்டி தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பட்டைக் கட்டின் அடியில், குறைவாக வளைந்த தடித்த பட்டை ஒன்றை வைக்கிறார்கள். காலியில் அது சும்மா இருக்கும். லோடு ஏறி மேல் பட்டைகள் தாழ்ந்து வந்து தொட்டதும் தானும் தோள் கொடுக்கும்.

சரி, பிரேக்குக்கு வருவோம். பிரேக் அடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும். காலி பிக்கப்பில் பின்னால் ஏற்கெனவே பாரம் இல்லை. முழு அழுத்தத்தையும் பின் பிரேக்குக்கு அனுப்பினால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும். மழைச் சாலையில் வால் சுழன்று வண்டி திரும்பி நிற்பது இப்படித்தான். லோடு இருக்கும்போதோ இதற்கு நேர் எதிர். பின் டயர் தரையில் அழுத்தி உட்கார்ந்திருக்கிறது, பின் பிரேக் நன்றாக வேலை செய்தே ஆக வேண்டும்.

இந்த இரண்டையும் சமாளிக்கப் பல பிக்கப்களின் சேஸிஸில், பின் ஆக்சிலுக்கு மேலே, லோடு சென்சிங் வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு நெம்புகோல் இறங்கி ஆக்சிலோடு இணைந்திருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் நெம்புகோல் நகரும். வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டி விடும். காலியானால் வண்டி உயரும், அழுத்தம் குறையும். கம்ப்யூட்டரும் இல்லை, ஒயரும் இல்லை. உயரத்தை வைத்து எடையை ஊகிக்கிறது, அவ்வளவுதான். (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் இந்த வேலையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது.)

நம் தம்பி என்ன செய்திருந்தார் தெரியுமா? லோடில் வண்டி ரொம்பத் தாழ்கிறது என்று, பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்த்திருந்தார். இப்போது ஒன்றரை டன் ஏற்றினாலும் வண்டி முன்போல் தாழ்வதில்லை. அவருக்குச் சந்தோஷம். "வால்வு பாவம், வண்டி காலியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு" என்றார் மெக்கானிக். முழு லோடிலும் பின் பிரேக்குக்கு அரைகுறை அழுத்தம்தான் போகிறது. மிச்ச வேலையை முன் பிரேக் தனியாகச் செய்கிறது. அதனால்தான் வண்டி தள்ளிப் போய் நிற்கிறது, அதனால்தான் ஆறே மாதத்தில் பேட் காலி. எத்தனை விலை உயர்ந்த பேட் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

நெம்புகோல் சேற்றிலும் துருவிலும் இறுகிப்போவதும் சகஜம். லோடு நிலையில் இறுகினால் காலி வண்டியின் வால் வழுக்கும், காலி நிலையில் இறுகினால் இந்தத் தம்பியின் கதை. பட்டை வேலை எது செய்தாலும் வால்வை மறுபடி அளவு வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

அந்தக் கூடுதல் பட்டை இன்னொரு புகாரையும் கொண்டுவந்திருந்தது. காலியில் குறிப்பிட்ட வேகம் தாண்டினால் தரைப்பலகை அதிர்கிறதாம். எஞ்சினிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முனைகளில் கிராஸ் ஜாயின்ட்கள் இருக்கும். அவை கோணத்தில் சுழலும்போது ஒரே சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டிவிடும். பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கியதும் அந்தச் சமன் கெட்டது. இது இல்லாமல், கியர் போட்டு நகரும்போது அடியில் ஒரே ஒரு 'டக்' கேட்டால் கிராஸ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டை சேர்த்தால் கூட ஏற்றலாம் என்ற நினைப்புதான் இதில் பெரிய தப்பு. பலமானது பட்டை மட்டும்தான். வீல் பேரிங் அதே பேரிங். பால் பேரிங்கின் ஆயுள், சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதம் என்பது பொறியாளர்களின் கணக்கு. சுமை 20 சதவீதம் கூடினால் ஆயுள் 20 சதவீதம் குறையாது, 42 சதவீதம் குறையும். ஒன்றரை மடங்கு ஏற்றினால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ரோலர் பேரிங்கில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். 'ஹூம்ம்' என்று வேகத்தோடு கூடும் சத்தம், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் அதிகமானால், அது டயர் சத்தமாக இருக்காது, பேரிங்தான்.

கிளட்ச் ப்ளேட்டும் எடைக்குத்தான் பதில் சொல்கிறது. எஞ்சின் ஒரே வேகத்தில் சுற்ற, நின்ற வண்டியை அரை கிளட்சில் நகர்த்தும்போது, வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் ப்ளேட்டில் வெப்பமாகப் போகும். எடை இரண்டு மடங்கானால் வெப்பமும் இரண்டு மடங்கு. மேட்டில், அதுவும் ரிவர்ஸில், சொல்லவே வேண்டாம். டாப் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் ப்ளேட் முடிந்தது என்று அர்த்தம். காலி வண்டியில் இந்தச் சோதனை ஏமாற்றும். லோடில்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோ கம்பியின் பாரம் பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் விழுந்தால், ஏற்றம் இறக்கம் பலகை மாதிரி முன் சக்கரங்களில் 100 கிலோ குறையும், பின்னால் 400 கிலோ ஏறும். "ஸ்டியரிங் லேசாகி மிதக்குது" என்று வருபவர்களிடம் முதலில் லோடை எப்படி அடுக்கினீர்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

ஹெட்லைட்டும் இதே கணக்கில் அகப்படும். அதே வண்டி பின்னால் 9 சென்டிமீட்டர் தாழ்ந்தால், ஐம்பது மீட்டர் தூரத்தில் வெளிச்சம் ஒன்றரை மீட்டர் மேலே போகும். எதிரே வருபவர் ஹை பீம் போடுகிறான் என்று திட்டுவார், நாம் டிம்மில்தான் வந்துகொண்டிருப்போம். இந்த வெளிச்சத்தைக் கீழே இறக்க டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு பல வண்டிகளில் இருக்கும். அது எதற்கு என்று தெரியாமல் பத்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மலை இறக்கத்தில் இந்த எடை வேறு வடிவம் எடுக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று டன் வண்டி ஒன்று பலாப்பழத்தோடு இறங்குகிறது. உயரம் கிட்டத்தட்ட 1000 மீட்டர் குறைகிறது. அந்த ஆற்றலை அப்படியே வெப்பமாக்கினால் தொண்ணூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்துப் போட்டால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் பிரேக் டிரம்மிலும் டிஸ்க்கிலும். டிரம் சூடாகி விரியும்போது, அதை உள்ளிருந்து அழுத்தும் லைனரை விட்டு விலகுகிறது, பெடல் ஆழமாகப் போகிறது. அதைவிட ஆபத்து பிரேக் ஆயில் கொதிப்பது. ஆயில் என்று பெயர்தானே தவிர அது எண்ணெய் இல்லை. (அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.) அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகைத் திரவம். டாட் 3 தரத்தில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரி தாங்கினால் போதும் என்பதே அந்தத் தரம் கேட்பது. கொதித்தால் ஆவிக் குமிழ். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். மிதித்தால் பெடல் கீழே போய்விடும், வண்டி நிற்காது. அரைமணி ஆறினால் பிரேக் பழையபடி பிடிக்கும், ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் ஒரு குறையும் தெரியாது. "அங்க மட்டும் பிடிக்கல" என்று டிரைவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிட்டால் இந்தப் பேச்சே வராது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய டீசல் எஞ்சின்கள், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்‌ஷனையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் செலவாகும்.

இதுவரை லோடு வண்டியின் பாடு. காலி வண்டிக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ் 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டிகளின் சைலன்ஸர் பாதையில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி வாக்கில் வெப்பம் வேண்டும். முழு லோடில் நெடுஞ்சாலையில் முக்கி ஓடும் வண்டிக்குப் புகை நன்றாகச் சூடாகிவிடும். நகரத்துக்குள் நாலு கேன் தண்ணீரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக நின்று நின்று போகும் வண்டியில் அந்தச் சூடு வராது. அப்போது எஞ்சினே கூடுதல் டீசலைப் பீய்ச்சிச் சூடேற்றப் பார்க்கும். அதற்குள் நாம் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்போம். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் மகிழ வேண்டாம், ஆயில் நீர்த்துக்கொண்டிருக்கிறது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால் வண்டியின் கையேட்டில் சொன்னபடி பைபாஸில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியம் செய்தால் வடிகட்டியையே மாற்ற வேண்டி வரும், விலை கேட்டால் தலை சுற்றும்.

நம் தம்பியின் வண்டிக்கு அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. சேர்த்த பட்டையைக் கழற்றி, பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டு, வால்வின் நெம்புகோலுக்கு அளவு வைத்தார்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வரச் சொன்னார் மெக்கானிக். அது தளர்ந்தால் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்துவிடும், பின்னாலிருந்து பார்த்தால் வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகும். கழற்றிய பட்டையைப் பழைய இரும்புக்குப் போட அந்தத் தம்பிக்கு மனசில்லை. ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளுக்கு இணை கிடையாது என்று அவருடைய தாத்தா சொல்வாராம். கேபினில் சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு கிளம்பினார்.