பழைய ஸ்போர்ட் பைக்கை டிராக்குக்குத் தயார் செய்கிறீர்களா? இன்ஜினைக் கடைசியில் திறவுங்கள்

எங்கள் பெங்களூர் அல்சூர் பட்டறைக்குப் பழைய ஸ்போர்ட் பைக்கோடு வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம்மூர்ப் பையன்கள். வேலூர், சேலம், மதுரை என்று எங்கெங்கிருந்தோ வந்து ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள். காலேஜ் நாளில் வாங்க முடியாமல் போன ஆர்15 முதல் மாடலையோ, சிபிஆர் 250ஐயோ, நிஞ்ஜா 250ஐயோ இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பார்கள். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்த வண்டியை ஓட்ட விடும் ஒரு டிராக் டேக்குப் பணமும் கட்டியிருப்பார்கள். முதல் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை: “அண்ணா, இன்ஜின்ல எவ்ளோ பவர் ஏத்தலாம்?”

இப்போதைக்கு ஒன்றும் ஏற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.7 கி.மீ., அதில் 12 வளைவுகள். புதிதாக ஓட்டுகிறவர் நேரத்தைத் தொலைப்பது நேர்ச்சாலையில் அல்ல. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் சட்டென்று முங்குகிறது, வளைவுக்குள் வண்டி நெளிகிறது, பயத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தாமதமாகத் திறக்கிறார். பவரை இரண்டு குதிரை கூட்டினால் அதே பயத்தை இன்னும் கொஞ்சம் வேகமாக அனுபவிக்கலாம், அவ்வளவுதான்.

2008-இல் ஆர்15 வந்தபோது அதன் பவர் 17 பி.எஸ். (குதிரைத்திறன்). அந்த வண்டிக்கு அன்றிருந்த கையாளும் குணம் இன்று எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெங்களூர் ரோட்டில் பத்து வருடம் ஓடிய வண்டியை சென்டர் ஸ்டாண்டு போல முட்டுக்கொடுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் ‘டக்’கென்று உட்காருகிறதா? கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. ரோட்டுப் பள்ளங்கள் பேரிங் குண்டுகளை அவை உருளும் வளையத்தில் அடித்து அடித்துக் குழி போட்டிருக்கும். அந்த வண்டி வளைவில் நேர்க்கோட்டையே தேடும். அடுத்து, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷிலும், அதை ஷாக்கோடு இணைக்கும் லிங்க்கின் பேரிங்கிலும் ஆட்டம் இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் மாட்டினாலும் வீண். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் பைப்பைக் கழற்றி உருட்டிப் பார்த்தால் பலவற்றில் வளைவு தெரியும். லேசான வளைவை பிரஸ்ஸில் நிமிர்த்தலாம் என்பார்கள். டிராக்குக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

டயரை மறக்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லையே என்று வாதாடுவார்கள். ரப்பர் இறுகிவிட்டால் பட்டன் இருந்தும் பிரயோஜனமில்லை.

இனி ஷாக். இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, இரண்டு படி ஏற்றிவிட்டு, “ஸ்டிஃப் பண்ணியாச்சு” என்கிறார்கள். ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியின் தடிமனிலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் விட்டத்திலும் இருக்கிறது. பிரீலோடைத் திருகினால் அது மாறாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். பின்பக்கம் உயர்ந்ததால் கல் போல் இருப்பதாகத் தோன்றும்.

உங்கள் எடைக்கு ஸ்பிரிங் பொருந்துகிறதா என்று அறிய ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, ஆக்ஸிலிலிருந்து மேலே ஒரு குறி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், லெதர் சூட் எல்லாம் போட்டுக்கொண்டு, ஓட்டும் நிலையில் உட்காருங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். சஸ்பென்ஷன் மொத்தம் 120 மி.மீ. அசையும் என்றால், டிராக்குக்கு 30 முதல் 35 மி.மீ. வரை இறங்குவது சரி. ஃபோர்க்கில் சீலின் பிடிப்பு அளவைக் கெடுக்கும். அதனால் ஒரு முறை அழுத்தி மெதுவாக விட்டு அளந்து, ஒரு முறை தூக்கி மெதுவாக விட்டு அளந்து, சராசரி எடுங்கள்.

பின்பக்கத்தில் இன்னும் ஒரு அளவு வேண்டும். ஆள் இல்லாமல் வண்டி தன் எடையிலேயே 5 முதல் 10 மி.மீ. இறங்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்தபோது 35 மி.மீ. சரியாக வந்து, ஆள் இல்லாதபோது துளியும் இறங்கவில்லை என்றால், மென்மையான ஸ்பிரிங்கை பிரீலோடால் நெரித்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தொண்ணூறு கிலோ ஆட்களின் வண்டியில் நான் வழக்கமாகப் பார்ப்பது இதுதான். அதற்கு மருந்து வேறு ஸ்பிரிங். குமிழைத் திருகிக்கொண்டிருப்பது அல்ல.

ஸ்பிரிங் சரியான பிறகுதான் டாம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஆயிலால் அடக்குவது. பழைய சின்ன ஸ்போர்ட் பைக்குகளின் ஃபோர்க்கில் பெரும்பாலும் டாம்பர் ராடு வகைதான். நிலையான ஓட்டைகள் வழியாக ஆயில் போய்வரும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அசைகிறது, ஓட்டைகள் தடையே தருவதில்லை, முன்பக்கம் முங்கிவிடும். மேட்டில் வேகமாக அடிக்கும்போது அதே ஓட்டைகளில் ஆயில் நெருக்கியடித்து, ஃபோர்க் இரும்புக் கம்பியாகிவிடும். கெட்டி ஆயில் ஊற்றினால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும். எமுலேட்டர் என்ற சிறு வால்வைப் போட்டு, ராடின் ஓட்டைகளைப் பெரிதாக்கினால் இரண்டையும் ஓரளவு சமாளிக்கலாம். இத்தனை சின்ன சாமானில் இவ்வளவு வித்தியாசம் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. காசு இல்லையா? பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுக்க இறக்கிய நிலையில் இரண்டு கால்களிலும் ஆயில் மட்டத்தைச் சமமாக அளந்து வையுங்கள். அதுவே பாதி வேலை.

பின் ஷாக் பெரும்பாலும் சீல் செய்தது, திறக்க முடியாது. நாலைந்து சுற்றில் ஆயில் சூடாகி நீர்த்துப்போய், வண்டி ஊஞ்சல் ஆடும். அதற்காக குஜிரியில் (பழைய சாமான் சந்தையில்) கிடைத்த பெரிய வண்டியின் ஷாக்கை வாங்கி வந்து மாட்டச் சொல்கிறார்கள். நீளம் 10 மி.மீ. மாறினாலே, லிங்க் அதைப் பெருக்கி, பின்பக்கம் இரண்டு மூன்று மடங்கு உயர்ந்துவிடும். ஸ்டியரிங் கோணமும் மாறும். அதன் ஸ்பிரிங்கும் வேறு லிங்க் கணக்குக்குச் செய்தது.

இதெல்லாம் முடிந்தபின் இன்ஜின். முதலில் கம்ப்ரஷன், வால்வ் கிளியரன்ஸ், ரேடியேட்டர். டிராக்கில் இருபது நிமிடம் சிவப்புக் கோட்டருகிலேயே ஓடப்போகும் இன்ஜின் அது. சேனும் ஸ்புராக்கெட்டும் தேய்ந்திருந்தால், மாற்றும்போது முன்னால் ஒரு பல் குறையுங்கள். இந்த வகை வண்டிகளில் பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டியதற்குச் சமம். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், வளைவிலிருந்து வெளியே வரும் இழுவை கூடும். ‘பவர் ஏறிடுச்சுண்ணா’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள், இன்ஜினில் நான் கை வைத்திருக்கவே மாட்டேன்.

சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி ‘போர்’ பண்ணலாமா என்று கேட்டால் ஆர்15க்காரர்களிடம் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அதன் சிலிண்டர் டயாசில். சிலிக்கான் கலந்த அலுமினியம், உள்ளே இரும்பு லைனர் கிடையாது. சாதாரண லேத்தில் ஏற்றிக் குடைந்தால் அந்தப் பரப்பு கெட்டுவிடும். இரும்பு ஸ்லீவ் அடித்துத் தருகிறேன் என்று ஒரு லேத் பட்டறைக்காரர் செய்துகொடுத்த சிலிண்டர் என்னிடம் வந்தது. அலுமினியமும் இரும்பும் ஒரே அளவில் விரிவதில்லை, சூடும் அதே போல் வெளியேறாது. பிஸ்டனில் கீறல் விழுந்திருந்தது.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. இங்கே கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கச்சிதமாக அமைத்து, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் மாட்டி, சென்னைப் பக்கம் இறக்கினால் அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாது. கலவை லீனாகி, இன்ஜின் கொதித்து, பிஸ்டன் பிடிக்கும். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் லீன் பக்கமே இன்னும் கொஞ்சம் தள்ளும், பழைய ரப்பர் ஹோஸ்களையும் தின்னும். ஜெட்டை டிராக்கில் வைத்து, ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்து மாற்றுங்கள். ஒரு அளவு பெரிய ஜெட் பையில் இருக்கட்டும்.

கடைசியாக, இப்படி மாற்றிய வண்டியை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஓட்டிக்கொண்டே டிராக்குக்குப் போகாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டம் 182A பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், விழுந்து கிளட்ச் லீவர் உடைந்தால் திரும்பி வருவது எப்படி? நாலு பேர் சேர்ந்து வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போங்கள். அந்த வாடகையை சைலன்சருக்கு ஒதுக்கி வைத்திருக்கும் பணத்திலிருந்து எடுத்தால் சரியாக இருக்கும்.