தவக்காலப் பாஸ்தா: சீஸின் வேலையை மாவுச்சத்து எப்படிச் செய்கிறது?

மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். அன்று சிசிலியில் செய்யும் பாஸ்தாவின் மேல் சீஸ் துருவ மாட்டார்கள், வறுத்த ரொட்டித் தூளைத் தூவுவார்கள். தச்சரான சூசையப்பரின் பட்டறையில் சிதறிக் கிடந்த மரத்தூளை அது குறிக்கிறது என்பது அங்குள்ள வழக்கு. திருநாள் தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், வருவதுதான் இதில் முக்கியம். இன்றைய கத்தோலிக்க ஒழுங்கில் சுத்தபோசன நாட்களில் இறைச்சியை மட்டும் விட்டால் போதும். இடைக்காலத்தில் முட்டை, பால், சீஸ் எல்லாமே விலக்கு. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அழகாகப் பொருந்திய சாப்பாடு இது. மத்தி மீனும் காட்டுப் பெருஞ்சீரகமும் சேர்ப்பவர்கள் உண்டு. இங்கே சொல்வது மீனும் இல்லாத எளிய வகை.

நான்கு பேருக்கு ஸ்பகெட்டி 400 கிராம், ஆலிவ் எண்ணெய் 90 மில்லி, பூண்டு 5 பல், காய்ந்த மிளகாய் 2, பழைய ரொட்டியின் உதிரி 80 கிராம், கொஞ்சம் பார்ஸ்லி. சீஸோ கிரீமோ இல்லாததால் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து நிறுத்த வேண்டிய பொறுப்பு முழுக்க மாவுச்சத்தின் தலையில் விழுகிறது. அதனால்தான் செய்முறை இவ்வளவு எளிதாக இருந்தும் பலருக்குச் சொதப்புகிறது.

முதலில் பாஸ்தா. நல்ல உலர்ந்த பாஸ்தாவில் டியூரம் கோதுமை ரவையும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை. டியூரம்தான் இருக்க வேண்டும் என்று இத்தாலியில் 1967-இல் சட்டமே இயற்றினார்கள். காரணம் அதன் புரதம். கொதிநீரில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஏறக்குறைய 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. அதே நேரத்தில் குளூட்டன் புரதம் இறுகி வலைபோல அவற்றைச் சுற்றிப் பிடிக்கிறது. வலை பலமாக இருந்தால் இழை கடிபடும். மைதா கலந்த மலிவான பாஸ்தாவில் வலை பலவீனம், மணிகள் உடைந்து எல்லாம் குழைந்துவிடும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து டியூரம் ரவை என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. இந்தச் சாப்பாட்டுக்கு நாங்கள் அதைக் குறைக்கச் சொல்வோம்: 400 கிராமுக்கு இரண்டரை லிட்டர். தண்ணீர் குறைந்தால் அதில் கரையும் மாவுச்சத்து அடர்த்தியாகும், நமக்குத் தேவையானதும் அதுதான். உப்பு 25 கிராம். உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும் என்பார்கள். லிட்டருக்கு 10 கிராம் போட்டால் கொதிநிலை 0.2 டிகிரிகூட ஏறாது. உப்பு சுவைக்காகத்தான். கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் விடுவதும் வீண். அது மேலேயே மிதக்கும். பாஸ்தா ஒட்டுவது முதல் இரண்டு நிமிடங்களில். மேற்பரப்பு மாவுச்சத்து பசையாகும் நேரம் அது. அப்போது நன்றாகக் கிளறிவிட்டால் போதும்.

இதற்குள் ரொட்டித் தூள். இரண்டு நாள் பழைய ரொட்டியைக் கையால் மிளகு அளவுக்கு உதிர்க்கவும். புது ரொட்டியின் ஈரம் ஆவியாகி முடியும்வரை தூள் வெந்துகொண்டிருக்குமே தவிர வறுபடாது. கடையில் விற்கும் மாவுபோன்ற தூள் சாற்றை உறிஞ்சிக் களியாகும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில், சிறு தீயில், ஐந்தாறு நிமிடம் கைவிடாமல் கிளறவும். பொன்னிறம் வந்தவுடன் தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியின் சூட்டிலேயே கருகும்.

மீதி எண்ணெயை ஆறிய சட்டியில் ஊற்றி, மெல்லிய வில்லைகளாக நறுக்கிய பூண்டைப் போட்ட பிறகே அடுப்பை மூட்டவும். எண்ணெயும் பூண்டும் சேர்ந்தே சூடேறினால் மணம் நிதானமாக எண்ணெயில் இறங்கும். காய்ந்த எண்ணெயில் போட்டால் ஓரம் கருகி உள்ளே பச்சையாகவே நிற்கும். கருகிய கசப்பை எதைக் கொண்டும் மறைக்க முடியாது, திரும்பச் செய்வதுதான் வழி. ஓரத்தில் இளம் பொன்னிறம் தட்டியதும் மிளகாயைக் கிள்ளிப் போட்டு இறக்கவும். அரை நிமிடம் பொறுத்து, பாஸ்தா வேகும் தண்ணீரில் ஒரு கரண்டி விடவும். எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும், பூண்டு அதற்குமேல் சிவக்காது. சற்றுத் தள்ளி நின்று ஊற்றுங்கள், தெறிக்கும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுங்கள். ஓர் இழையை நறுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது, ஒட்டியிருக்கும் மாவுச்சத்து போய்விடும். பாஸ்தா வெந்த தண்ணீரில் 300 மில்லியை எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியை வடிக்க வேண்டும். பருத்திச் சேலைக்கு விறைப்புத் தரும் வடிகஞ்சியைப் போலத்தான் இதுவும்.

பாஸ்தாவைச் சட்டியில் போட்டு 200 மில்லி தண்ணீர் விட்டு, பெரிய தீயில் இரண்டு நிமிடம் விடாமல் குலுக்கவும். குலுக்கும்போது எண்ணெய் சிறு துளிகளாக உடைகிறது. மாவுச்சத்தால் கெட்டியான தண்ணீர் அந்தத் துளிகளை மீண்டும் சேரவிடாமல் தடுக்கிறது. வெளிறிய, பால்போன்ற குழம்பு இழைகளைப் போர்த்தும். அடியில் எண்ணெய் தனியாகத் தேங்கினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள்: தீயை அணைத்து இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் குலுக்கினால் சேர்ந்துவிடும். குழம்பு நீர்த்து இருந்தால் இன்னும் அரை நிமிடம் கொதிக்கட்டும். சற்று இளக்கமாகவே இறக்குங்கள், ஆற ஆற மாவுச்சத்து இறுகும்.

பார்ஸ்லி கலந்து தட்டில் பரிமாறிய பிறகே ரொட்டித் தூளைத் தூவவும். பாஸ்தாவின் ஈரம் தூளுக்குள் ஏற ஆரம்பித்தால் மொறுமொறுப்பு சில நிமிடங்களே தாங்கும். தாமதமாக வருபவர்களுக்குப் பாஸ்தாவையும் தூளையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். பாஸ்தா இறுகியிருந்தால் இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் விட்டுச் சிறு தீயில் புரட்டினால் மீண்டும் இளகும்.